அறுந்த இழையும் அறாத இழையும்

ஆரணியின் தறிக்குழிகளுக்கு அடியில் கிடப்பது உயிர்ச்சுவடு அற்ற தொல்பாறை. அங்கிருந்து ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையை நாடி அரியலூர் வழியே செல்வோரோ, ஒரு பழங்கடலின் அடித்தளத்தையே மிதித்துச் செல்கின்றனர்.

1840ஆம் ஆண்டளவில் கேய், கன்லிஃப் என்போர் திருச்சி, விருத்தாசலம், புதுவைப் பகுதிகளில் திரட்டிய தொல்லுயிர்ப் படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். பின்னர், மொராவியாவில் பிறந்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா அப்பகுதிகளின் தொல்லுயிர்ப் படிவங்களைப் பல தொகுதிகளில் விவரித்தார். கடல்முள்ளெலி இனத்தைப் பற்றிய பகுதி 1873இல் வந்தது. மறு ஆண்டே, 36ஆம் வயதில், லடாக் மலைவழியில் அவர் உயிர் நீத்தார்.

அவர் விவரித்த சுருளோட்டு அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்தன. கடல்முள்ளெலிகளின் மரபோ அறவில்லை. அவற்றின் உறவான நொறுங்கு நட்சத்திரங்கள், பிடித்தால் கரம் முறியும் மெல்லுயிர்கள். இறந்ததும் உடல் உதிர்ந்து மணல்போன்ற சில்லுகளே எஞ்சும். அவையும் அவ்வழிவைக் கடந்து வாழ்கின்றன. ஆக, இன்றைய கடலுயிர்க் கூட்டம் வெறுந்தறியில் தொடங்கியதன்று. அறாது நின்ற பழைய பாவு நுனிகளில் புதுப்பாவு பிணைக்கப்பட்டதே.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் இன்று வெட்டப்பட்டுச் சிமெண்டாகிறது. வீடு கட்ட அது வேண்டும்தான். ஆயினும், படிக்குமுன் பொடியாகும் ஏட்டை மீண்டும் எழுதுவார் யார்?