மீள்சேர்க்கை மனித டௌ புரதம்

மீள்சேர்க்கை மனித டௌ புரதம் என்பது, மனித டௌ புரதத்திற்கான டி. என். ஏ. வரிசையைப் பாக்டீரியா போன்ற வேறோர் உயிரணுவில் புகுத்தி ஆய்வகத்தில் உருவாக்கப்படும் புரதம் ஆகும். டௌ, நரம்பணுக்களில் உள்ள நுண்குழல்களுடன் பிணைந்து அவற்றை நிலைப்படுத்துகிறது. ஆல்சைமர் நோயில் இப்புரதம் இழைகளாகத் திரண்டு நரம்பணுக்களுக்குள் முடிச்சுகளாகத் தேங்குகிறது. இத்திரட்சியை ஆராய்வதற்கே மீள்சேர்க்கை டௌ பெரிதும் பயன்படுகிறது.

கண்டுபிடிப்பும் அமைப்பும்

1975 ஆம் ஆண்டில் மார்க் கிர்ச்னரும் அவருடைய குழுவினரும் பன்றி மூளையிலிருந்து டௌ புரதத்தைப் பிரித்தெடுத்தனர். டியூபுலின் மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து நுண்குழலாவதற்கு இது உதவுவதை அவர்கள் காட்டினர். மனிதரில் இதற்கான மரபணு 17 ஆம் நிறப்புரியில் உள்ளது. வளர்ந்தோரின் மூளையில் 352 முதல் 441 வரையான அமினோ அமிலங்களைக் கொண்ட ஆறு வடிவங்கள் காணப்படுகின்றன. நுண்குழலுடன் பிணையும் பகுதியில் மூன்று அல்லது நான்கு மீள்வரிசைகள் உள்ளன. ஆய்வகங்களில் 441 அமினோ அமிலங்கள் கொண்ட முழுநீள வடிவம் பரவலாகப் பயன்படுகிறது.

தயாரிப்பு

டௌ வரிசையைக் கொண்ட டி. என். ஏ. வளையம் ஈ. கோலை பாக்டீரியாவில் செலுத்தப்படுகிறது. பாக்டீரியாக்களைப் பெருக்கி, உடைத்து, கிடைக்கும் சாற்றைக் கொதிநிலைக்கு அருகில் சூடாக்குவர். பெரும்பாலான பிற புரதங்கள் முட்டையின் வெண்கருவைப் போல உறைந்து படிந்துவிடும். நிலையான மடிப்பு இல்லாத டௌ கரைசலிலேயே தங்கும். பின்னர் அயனிப் பரிமாற்ற முறையில் அது தூய்மையாக்கப்படுகிறது.

மூளையின் டௌ புரதத்துடன் வேறுபாடு

மூளையில் நொதிகள் டௌ புரதத்தில் பாசுபேட்டுத் தொகுதிகளை ஏற்றுகின்றன. ஆல்சைமர் நோயில் இது மிகுதியாக நிகழ்கிறது. ஈ. கோலையில் அம்மனித நொதிகள் இல்லாமையால், அதிலிருந்து பெறப்படும் டௌ இம்மாற்றம் அற்றது. முழுநீள டௌ தானாக எளிதில் திரள்வதும் இல்லை. எனவே 1990களிலிருந்து எப்பாரின் சேர்த்து அதை இழைகளாக்கி வந்தனர்.

2017 இல் ஆல்சைமர் நோயாளியின் மூளையிலிருந்து பெற்ற டௌ இழைகளின் அணுநிலை அமைப்பு, கடுங்குளிர் எதிர்மின்னி நுண்ணோக்கியால் அறியப்பட்டது. எப்பாரின் இழைகளின் அமைப்பு அதிலிருந்து வேறுபட்டது என்பது 2019 இல் தெரியவந்தது. ஆகவே, எப்பாரின் இழைகளைத் தடுக்கும் ஒரு மருந்து நோயாளியின் மூளையில் உள்ள இழைகளையும் தடுக்கும் எனக் கருத இயலாது. 2022 இல், 297 முதல் 391 வரையான அமினோ அமிலங்களை மட்டும் கொண்ட மீள்சேர்க்கைத் துண்டு, எப்பாரின் இன்றியே ஆல்சைமர் இழையின் அமைப்பைப் பெறுவது காட்டப்பட்டது. இதனால் நோயில் உருவாகும் அதே வடிவத்தை ஆய்வுக்குழாயில் பெற்று ஆராய வழி ஏற்பட்டது.