மலையிலிருந்து மலைக்கு வந்த தானியம்

எத்தியோப்பியா, உகாண்டா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநில நாடுகளுக்குப் பயணம் திட்டமிடும் தமிழர் அங்கே முற்றிலும் புதிய உணவையே எதிர்பார்ப்பது இயல்பெனினும், தமிழ்நாட்டின் கல்வராயன் மலையில் விளையும் கேழ்வரகுக்கு அம்மேட்டுநிலமே தாயகம் என்பது தாவரவியலாளர் முடிவாகும். அதன் மூதாதையான காட்டுப்புல் ஆப்பிரிக்காவில் இன்றும் வளர்கிறது. அதைப் பயிராக்கிய உழவரின் பெயர்கள் எழுத்தில் நிற்கவில்லை; ஆயினும் அவர்கள் உழைப்பின் பயன் பண்டைக் காலத்திலேயே தென்னிந்தியாவை அடைந்து, உலகிலேயே கேழ்வரகு மிகுதியாக விளையும் நாடாக இந்தியாவை ஆக்கியது.

எத்தியோப்பியாவில் 'தகுசா' எனப்படும் இத்தானியத்தின் மாவு, தெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தின் மாவோடு கலக்கப்பட்டு, 'இஞ்செரா' என்ற புளித்த மாவுத் தோசையாகிறது. கல்வராயனிலோ, மலையாளி எனப்படும் பழங்குடியினர் (இப்பெயர் மலைவாழ்வோரைக் குறிப்பது, கேரளத்தாரை அன்று) கேழ்வரகைக் களியாகவும் கூழாகவும் உண்டு வந்தனர். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறியதாகக் கூறும் இம்மக்கள், 1976 வரை ஜாகீர்தார்களின், அதாவது பரம்பரை நில உரிமையாளர்களின், ஆளுகைக்குள் இருந்தனர். மழையை மட்டும் நம்பிய சரிவுகளில், எளிதில் பூச்சி அரிக்காமல் ஆண்டுக்கணக்கில் இருப்பு வைக்கத்தக்க கேழ்வரகே பஞ்சத்திற்கு எதிரான உண்மையான காப்பாக இருந்தது. அது பயிரான பரப்பில் பெரும்பகுதி பின்னர் மரவள்ளிக்குப் போனது பேரிழப்பாகும். கல்வராயனிலுள்ள வெள்ளிமலை என்னும் ஊருக்குச் செல்வோர் எஞ்சியுள்ள கேழ்வரகு வயல்களைத் தேடிக் காண வேண்டும்.