ஜாம் போத்தல் விளக்கும் பூநகரிக் காற்றும்

பரந்தனில் பஸ் ஏறிக் கம்பசுக்குப் போகிற எனக்கு ஆனையிறவு ஒவ்வொரு கிழமையும் வந்து போகிற ஒரு ஜன்னல் காட்சி. கடனீரேரி, உப்பளப் பாத்திகள், தலைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பிகள். பளை கிட்டும்போது இடப்பக்கம் தூரத்தில் காற்றாடிகள் சுத்திக்கொண்டு நிற்கும். ஒருநாள் பக்கத்திலிருந்த நண்பி கேட்டாள்: "உந்தக் கரண்ட் எல்லாம் எங்கயடி போகுது?" எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியேல்லை. தேடப் போய் நான் வந்து சேர்ந்த இடம் கொஞ்சம் பழையது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தின் பெயரையே பாருங்கோ. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழமில்லாத இந்தக் கடனீரேரியால் நடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வன்னியர்களிடம் யானைகளைத் திறையாக வாங்கி, இந்திய வியாபாரிகளுக்கு விற்றார்கள். ஒல்லாந்தர் ஆனையிறவில் ஒரு சிறு கோட்டையும் வைத்திருந்தார்கள். பாரம் இழுக்கவும் போருக்குப் போகவும் ஆன யானை அந்தக் காலத்து இயந்திரம் எண்டு வைத்துக்கொண்டால், இந்த ஒடுங்கிய வழியால் போன முதல் எரிசக்தி அதுதான். பிடித்தது வன்னி, காசு எடுத்தது வழியை வைத்திருந்தவன். இதை மனதில் வைத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

இலங்கையின் எண்ணெய் வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படுகிற ஒரு கட்டம் 1961. அதுவரை ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய வெளிநாட்டுக் கம்பனிகள்தான் இங்கே எண்ணெய் விற்றன. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் அந்த வருசம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, 1962 இல் கம்பனிகளின் சொத்துக்களில் ஒரு பகுதியைக் கையேற்றது. நட்டஈடு பற்றிய தகராறில் 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அமெரிக்கக் கம்பனிகளின் சொத்தை எடுக்கிற நாடுகளுக்கு உதவி இல்லை என்ற அவர்களின் புதுச் சட்டவிதியில் முதலில் மாட்டியது எங்கட சின்னத் தீவுதான். கொழும்பு சொன்ன நியாயம் எளிமையானது: எண்ணெய் இந்த நாட்டு மக்களின் கையில் இருக்கவேண்டும். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 'மக்கள்' ஆர் என்பது முப்பது வருசத்துக்குள் தெரியவந்தது.

1990 யூனில் போர் திரும்பத் தொடங்கியது. ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. ஒரு பீப்பாய் எண்ணெய் 20 டொலருக்குக் கீழேயிருந்து சில மாதங்களில் 40 டொலரைத் தாண்டியது. உலகம் முழுக்க எண்ணெய் விலை பற்றிப் பதறிக் கதைத்தது. அதே மாதங்களில் வடக்கில் விலை இரண்டாவது கேள்வியாகிவிட்டது. முதல் கேள்வி, சாமான் வருமா என்பது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எண்டு நீளமான தடைப்பட்டியலை அரசாங்கம் போட்டது. மண்ணெண்ணெய் கட்டுப்படுத்தப்பட்ட அளவில்தான் வந்தது. வன்னிக்குத் தெற்கு வாசல் வவுனியா. வடக்கு வாசல் ஆனையிறவு. ஆனையிறவு முகாம் இராணுவத்திடம் இருந்ததால் பாதை அடைபட்டது. சனம் ஊரியான், கொம்படி வழியாகவும் பிறகு கிளாலியில் இராத்திரிப் படகுகளிலும் கடனீரேரியைக் கடந்தது. அந்தப் பயணங்களில் உயிர் போனவர்கள் கனபேர்.

அம்மா 1991 இல் ஓ.எல். எழுதினவ. எண்ணெய்க்கொள்கை பற்றி அவவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஜாம் போத்தல். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறுகிற அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள்ளால் ஒரு திரி. அரிக்கன் லாம்பு குடிக்கிற எண்ணெயில் ஒரு சொட்டுப் பங்குதான் இதுக்குக் காணும். "ஒரு விளக்கைச் சுத்தி நாலு பேர் படிச்சம். தலைமயிர் கருகினதும் உண்டு" எண்டு அம்மா சிரிச்சுக்கொண்டு சொல்லுவா.

மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் சில சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் ஒரே புகை. ரேடியோவுக்குப் பற்றரி இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். இறைப்பு மெசின்கள் நின்றன, துலா திரும்பி வந்தது. எங்கட ஊரிலிருந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்திக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம். போரோடு அதுவும் ஆனையிறவு உப்பளமும் படுத்துவிட்டன.

இதையெல்லாம் நாங்கள் 'எங்கட ஆக்களின் கெட்டித்தனம்' எண்டு கதைக்கிறோம். கெட்டித்தனம்தான், மறுக்கேல்லை. ஆனால் அப்படி மட்டும் கதைத்தால் ஒன்று மறைந்துவிடும். பிள்ளைகள் படிக்கிற விளக்குக்கான எண்ணெயைத் தடுத்தது அரசாங்கத்தின் ஒரு தீர்மானம். அறுபதுகளில் வெளிநாட்டுக் கம்பனிகளிடமிருந்து மக்களின் பெயரால் வாங்கிய எண்ணெய், 1990 இல் அதே மக்களில் ஒரு பகுதியைத் தண்டிக்கிற கருவியானது.

நேர்மையாக மற்றப் பக்கத்தையும் எழுதவேண்டும். 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகளின் கைக்கு வந்தது. 2002 தொடக்கத்தில் பெரும்பாலான தடைகள் நீங்கின, ஏப்ரலில் ஏ9 திறந்தது. சாமான் வந்தது. ஆனால் புலிகளின் சோதனைச்சாவடியில் வரி கட்டித்தான் வந்தது, அந்த வரி கடைசியில் வாங்குகிற சனத்தின் தலையில்தான் விழுந்தது. 2006 ஓகஸ்டில் பாதை திரும்ப மூடியது. 2009 ஜனவரியில் ஆனையிறவு மீண்டும் இராணுவத்திடம் போனது. வாசலை ஆர் வைத்திருந்தாலும் தீர்மானம் வாசலில்தான் இருந்தது, வீடுகளில் இருக்கேல்லை.

பிறகு 2022. உக்ரைன் போர் எண்ணெய் விலையை ஏற்ற, டொலர் முடிந்துபோன இலங்கை ஏப்ரலில் கடன் கட்டமுடியாது எண்டு அறிவித்தது. யூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகள் தவிர மற்ற வாகனங்களுக்கு எரிபொருளே இல்லை. யூலையில் கியூஆர் அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். செட்டடியில் இரவிரவாக நின்ற அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, வரிசையில் நின்ற ஒரு ஐயா சொன்னார்: "எங்களுக்கு இது பழகின விசயம் பிள்ளை. இப்பதான் கொழும்புக்கு வந்திருக்கு."

அந்தக் கதையில் பாதி உண்மை. 2022 இல் நடந்தது தட்டுப்பாடு. தொண்ணூறுகளில் நடந்தது தடை. தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டை எல்லா மாவட்டத்துக்கும் ஒரே அளவைத்தான் தந்தது. ஆனால் ஒரே அளவான கொள்கையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி விழாது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. வெளியிணைப்பு மோட்டாரில் கடலுக்குப் போகிறவனுக்கும், மண்ணெண்ணெய் அடுப்பில் சமைக்கிறவளுக்கும் அது என்ன செய்தது எண்டு கரையோரத்தில் கேட்டால் தெரியும்.

இப்ப காற்றுக்கு வருவோம். 2022 மார்ச்சில் மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க இந்தியாவின் அதானி நிறுவனத்தோடு உடன்பாடு வந்தது. யூனில் மின்சார சபைத் தலைவர் நாடாளுமன்றக் குழுவொன்றில், இதை அதானிக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமரின் அழுத்தம் இருப்பதாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்று சொல்லி, பிறகு அதை வாபஸ் வாங்கி, பதவியையும் விட்டார். 2024 இல் ஒரு அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் எண்டு விலை பேசப்பட்டது. புது அரசாங்கம் அது கூட எண்டது. 2025 பெப்ரவரியில் அதானி விலகியது. கொழும்பில் நடந்த விவாதம் முழுக்க விலையும் வெளிநாட்டுக் கம்பனியும். இரண்டும் தேவையான கேள்விகள். ஆனால் பூநகரிச் சனத்தின் குரல் அதில் எவ்வளவு கேட்டது? மன்னாரில் 2025 ஓகஸ்டில் சனம் தெருவில் இறங்கிக் காற்றாலைப் பாகங்கள் வந்த வாகனங்களை மறித்த பிறகுதான் வேலை ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. காற்றாலை கூடாது என்பது என் கருத்தில்லை. இறக்குமதி எண்ணெயில் தொங்கிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் எண்டு 2022 இல் பார்த்துவிட்டோம். கேட்கிறது, தெருவை மறிக்கமுதலே கேட்டிருக்கலாமே என்பதுதான்.

நண்பிக்கு இப்ப பதில் சொல்லலாம். பளையில் 2014 இல் வந்த காற்றாடிகளின் மின்சாரம் தேசிய மின்வலையமைப்புக்குப் போகுது. அதுக்குப் பிறகு அது எங்கட கரண்டுமில்லை, அவையின்ர கரண்டுமில்லை, எல்லாம் ஒன்றாய்க் கலந்துவிடும். எங்களுடையதாக இருக்கக்கூடியது வேற: எந்தக் காணியில் காற்றாடி நடுகிறது, எந்தக் கரைவலைப்பாடு போகும், வருமானத்தில் ஊருக்கு என்ன பங்கு என்ற பேச்சில் ஒரு கதிரை.

அதைக் கேட்கிறதுக்கு முதல் எங்கட வரலாறு கையில் இருக்கவேணும். ஜாம் போத்தல் விளக்கில் படிச்ச தலைமுறைக்கு இப்ப ஐம்பது வயது. உங்கட வீட்டிலும் ஒராள் இருப்பார். எவ்வளவு மண்ணெண்ணெய் கிடைத்தது, என்ன விலை, ஆர் கொண்டு வந்தது எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. அடுத்த ஒப்பந்தம் மேசைக்கு வரும்போது அந்தக் கொப்பியும் மேசையில் இருக்கட்டும்.