வாடகையில்லாக் காம்பரா

பதுளை நகரிலே வாடகை வீடொன்றிற் குடியிருக்கும் ஓய்வூதியர் ஒருவரையும், நகருக்கு அண்மையிலுள்ள ஸ்பிறிங்வெளி மலையில் லயக் காம்பரா ஒன்றில் முதுமையைக் கழிக்கும் தோட்டத் தொழிலாளி ஒருவரையும் ஒப்பிட்டு நோக்குவோம். முன்னவர் மாதந்தோறும் வாடகை கொடுக்கிறார், பற்றுச்சீட்டுப் பெறுகிறார். பின்னவர் தம் வாழ்நாளில் ஒரு சதமேனும் வாடகை கொடுத்தவரல்லர். மேலோட்டமாகப் பார்ப்போர் பின்னவரே பேறு பெற்றவர் என்பர். வரலாற்றைச் சற்று ஆழ்ந்து பார்த்தாலோ, அந்த வாடகை கொடாமையே முதுமையில் அவரை வீட்டுரிமை அற்றவராக ஆக்கிற்று என்பது புலனாகும்.

லயத்தின் கதை கோப்பிக் காலத்திலே தொடங்குகிறது. கோப்பி, பழம் பறிக்கும் பருவத்திலேதான் பெருந்தொகையான ஆட்களை வேண்டிய பயிர். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாருடன் வந்தவர்களிற் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். சில மாதங்கள் தங்கிப் போகும் இளைஞருக்கு எத்தகைய உறைவிடம் போதும் என்று துரைமார் கருதினரோ, அத்தகையதையே கட்டினர். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. அங்கே முதுமை என்ற ஒன்றுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. முதுமை, கடலுக்கு அப்பாலுள்ள சொந்தக் கிராமத்தின் பொறுப்பாக இருந்தது.

1869 ஆம் ஆண்டிலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890 அளவில் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924 இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டிற்று. தேயிலை, பருவம் பார்த்து ஓய்வு கொடுக்கும் பயிரன்று. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். ஆண்டு முழுவதும் அதைக் கிள்ளக் கை வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்தன, பிள்ளைகள் பிறந்தனர், பேரப்பிள்ளைகளும் பிறந்தனர். பயிர் மாறியது, வாழ்க்கை முறையும் மாறியது. லயத்தின் அமைப்பும் அதன் சட்டநிலையும் மட்டும் மாறவில்லை. 1939 இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்த பின்னர், ஊருக்குப் போய் வருவதென்ற பழைய வழக்கமும் அருகிற்று.

அந்தச் சட்டநிலை யாது? காம்பரா, வேலைக்கு உரியது. செக்றோலில் பெயர் இருக்கும்வரை காம்பரா உண்டு. பெயர் நீங்கினால், காம்பராவில் இருப்பதற்குரிய காரணமும் நீங்கியதாகத் தோட்ட நிருவாகம் கொள்ளும். குடியிருந்தவர் வாடகைக்குடி அல்லர், ஊழியர் மாத்திரமே. இந்த வேறுபாடு வழக்கறிஞர்களின் சொற்சிலம்பம் போலத் தோன்றலாம். ஆயினும் 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமும் பாதுகாத்தது வாடகைக்குடியையே. வாடகையைக் கண்டபடி உயர்த்தலாகாது, தக்க காரணமின்றி வெளியேற்றலாகாது என்ற காவல், சிறிய ஓய்வூதியத்தில் வாழ்ந்த நகரத்து முதியவர்கள் பலருக்குப் பேருதவியாயிற்று. மலையிலே வாடகையும் இல்லை. ஆகவே காவலும் இல்லை.

வேலை நீக்கப்பட்ட தொழிலாளி காம்பராவை விட்டுப் போகாவிடின், அவர்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடுப்பது ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தது. அத்தகைய வழக்கொன்று இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. தமக்கு உரிமை உண்டென்று நேர்மையாக நம்பி ஒருவர் தங்கியிருப்பின், அந்த உரிமை வலுவற்றதாயினும், பிறருக்குத் தொல்லை கொடுப்பதே அவரது முதன்மையான நோக்கம் என்று காட்டப்பட்டாலன்றி அது குற்றமாகாது என்று 1950 இல் அந்நீதிபதிகள் கருத்துரைத்தனர். தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் வழி அதனாற் குறுகிற்று. ஆனால் அத்தீர்ப்பு வீட்டுரிமை எதனையும் வழங்கவில்லை என்பதை மறத்தலாகாது. குற்றவாளி அல்லர் என்றது. வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை.

இனி முதியவரின் நிலையைப் பார்ப்போம். வேலை ஓய்ந்த பின்னரும் பெரும்பாலான முதியோர் லயத்திலேயே இருந்தனர், இருந்தும் வருகின்றனர். அவ்வாறு இருக்க முடிந்தமைக்குக் காரணம் மகனோ மகளோ மருமகளோ செக்றோலில் இருந்தமையே. பிள்ளையின் பெயர் தாய்க்குக் கூரையாயிற்று. அதற்கு ஈடாக முதியோர் சும்மா இருந்தனர் என்று எண்ணுதல் தவறு. விறகு தேடினர், மரக்கறித் தோட்டம் போட்டனர், மாடு வளர்த்தனர், பிரட்டுக்களத்துக்கு விடியலிலே ஓடும் மருமகளின் குழந்தையைப் பார்த்துக்கொண்டனர். பிள்ளையில்லாதவரின் நிலையும், பிள்ளைகள் கொழும்புக்கு வேலை தேடிப் போய்விட்டவரின் நிலையுமே இரங்கத்தக்கன. இளைஞர் தோட்ட வேலையை விட்டு வெளியேறுவது பெருகப் பெருக, இந்த இரண்டாம் வகையினரும் பெருகினர். பிள்ளைகளின் முன்னேற்றமே பெற்றோரின் கூரையை அசைக்கும் விந்தையை வேறெங்கும் எளிதிற் காண இயலாது.

வாடகை கொடுத்து வேறிடத்தில் வாழலாகாதோ என்று சிலர் வினவலாம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி ஏற்பட்டது. தொடக்கத்திலே தொழிலாளி நூற்றுக்கு 4 பங்கும் தொழில்வழங்குநர் 6 பங்கும் செலுத்தினர். பின்னர் அவை 8 ஆகவும் 12 ஆகவும் உயர்ந்தன. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் பணிக்கொடையை உறுதிசெய்தது. இவை அரும்பெரும் ஏற்பாடுகளே. எனினும் இரண்டும் ஒரே முறை கைக்கு வரும் தொகைகள்; மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அல்ல. நாட்கூலியைக் கொண்டு கணக்கிடப்படும் தொகை பெரிதாக இருக்க இயலாது. பட்ட கடனுக்கும், அடகில் இருக்கும் நகைக்கும், மகளின் திருமணத்துக்கும் அது போய்விடும். வாடகையோ மாதந்தோறும் வாயைத் திறப்பது. ஒருமுறைப் பணத்தைக் கொண்டு அதன் வாயை அடைத்தல் எங்ஙனம்?

துரைமாரின் தாய்நாட்டிலும் இதே முடிச்சு இருந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளர் பலர், பண்ணையாரின் குடிலில் வேலைக்காகவே குடியிருந்தனர். வேலை போனால் குடிலும் போயிற்று. நெடுங்காலப் போராட்டத்தின் பின் 1976 இல் நிறைவேறிய வேளாண் வாடகைச் சட்டம், தகுதிபெற்ற தொழிலாளி வேலை ஓய்ந்த பின்னும் குடியிருப்பில் நிலைத்திருக்க வழிசெய்தது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1975 இலேதான் இலங்கையில் வெளிநாட்டுக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டத்தின் உடைமையாளர் மாறினர். 1992 இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இரு மாற்றங்களிலும் காம்பரா வேலையோடு பிணைந்தபடியே இருந்தது.

கடல் கடந்து சென்றவர்களையும் இந்தப் பிணைப்பு விடவில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோரிற் பலர் நீலகிரியிலே தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் அமர்த்தப்பட்டனர். அங்கும் வேலையோடு வீடு, ஓய்வோடு காலி. 2022 இல் ஓய்வுபெற்றோரை வெளியேறச் சொன்னபோது எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் அவர்களுக்கு வீடு அமைக்கும் திட்டத்திலே பயனாளி செலுத்தவேண்டிய பங்கைத் தாமே ஏற்பதாகத் தமிழக அரசினர் அறிவித்தனர்.

ஊவாவில் இதன் கொடுமையைக் காட்டியது மண்ணே. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். வீட்டிலிருந்தோர் பலர் மாண்டனர். அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் கேளாமல் இருந்தனர் என்று குறை கூறுதல் எளிது. எழுந்து போவதற்கு வேறொரு நிலம் இல்லாதவரை எழுந்து போ என்று சொல்வது எச்சரிக்கையாகுமா? 2023 இல் பூனாகலையிலும் மண் சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல்மழை பதுளை மாவட்டத்து மலைகளை மீண்டும் உலுக்கிற்று.

மீரியபெத்தைக்குப் பின், குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்னும் திட்டம் உருப்பெற்றது. இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு முதலில் 4,000 வீடுகளும், 2017 இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலே, சபைகளின் பணம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செல்வதற்குத் தடையாக இருந்த விதியும் 2018 இல் திருத்தப்பட்டது. தனி வீடு என்பதைக் காட்டிலும், காணி உறுதி என்பதே இங்கு புதுமை. லயத்தில் பிறந்தவருக்கு நிலத்தின் பெயரால் ஒரு தாள் கிடைக்கிறது.

ஆயினும் திட்டம் குடும்பத்தை எண்ணுகிறது. முதியவரைத் தனியே எண்ணுவதில்லை. தேவை யாதென ஆராய்வோர் இதனைக் கவனித்தல் வேண்டும். தனித்திருக்கும் கைம்பெண் ஒருத்திக்கு 7 பேர்ச் காணியில் வீடெழுப்பும் வலிமை இல்லை. அவள் வேண்டுவது இரண்டு அறை, ஒரு குழாய், மழைக்காலத்தில் நடக்கக்கூடிய படி. பதுளை, பசறை, பண்டாரவளை போன்ற நகரங்களின் ஓரத்திலே, மருத்துவமனைக்கு அண்மையில், சிறு வாடகைக்கு அத்தகைய வீடுகளை அமைத்து, வாடகையின் ஒரு பங்கை அரசு ஏற்பது இயலாத செயலன்று. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே நாட்டில் உண்டு. எழுபது வயதைக் கடந்த வறியோருக்குச் சிறு கொடுப்பனவும் உண்டு. சிறு தொகையேனும் வாடகையாக வாங்கிக்கொண்டு, மறவாமற் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் நன்று. அந்தச் சீட்டிலே அவளுடைய மகனின் பெயர் இராது. அவளுடைய பெயரே இருக்கும்.