தைராய்டு இரத்தப் பரிசோதனை: ரிப்போர்ட்டைச் சரியாகப் படிப்போம்

"டி.எஸ்.ஹெச். 9 வந்திருக்கிறது, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதாம்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

டி.எஸ்.ஹெச். தைராய்டில் சுரப்பதல்ல. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, "வேலை செய்" என்று தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. தைராய்டு மந்தமானால் கட்டளை கூடும், டி.எஸ்.ஹெச். ஏறும். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் டி.எஸ்.ஹெச். இறங்கும். பெரியவர்களுக்குப் பொதுவாக 0.4 முதல் 4 வரை சரியான அளவு. லேபுக்கு லேப் சற்று மாறும் என்பதால் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் அளவையே பார்க்க வேண்டும். எல்லையைச் சற்றே தாண்டி, ஃப்ரீ டி4 சரியாக இருந்தால், மருத்துவர் உடனே மாத்திரை தராமல் சில வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்கச் சொல்லலாம்.

இதற்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில் கொடுப்பது நல்லது. தைராய்டு மாத்திரையை அன்று இரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடலாம். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் லேபில் சொல்லிவிடுங்கள். அது முடிவையே மாற்றிக் காட்டும். இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

நாம் அதிகம் காணும் தவறு இன்னொன்று. ரிப்போர்ட் நார்மல் என்றதும் மாத்திரையை நிறுத்தி விடுகிறார்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மல்! டோஸை மாற்றினால் அதன் முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரமாகும். பத்தே நாளில் பரிசோதிப்பது வீண் செலவு.

கர்ப்பிணிகள் விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. முதல் மூன்று மாதங்களில் வயிற்றிலுள்ள குழந்தை தன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. ஏற்கனவே மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குப் பெரும்பாலும் டோஸைக் கூட்ட வேண்டிவரும். கர்ப்பம் உறுதியானதுமே மருத்துவரிடம் சொல்லி டி.எஸ்.ஹெச். பார்த்துவிட வேண்டும்.

ரமளானில் மாத்திரை நேரம் குழம்பிப்போகிறது. ஸஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் தூங்கும் முன்போ சாப்பிடலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நோன்புக்குப் பின் டி.எஸ்.ஹெச். ஏறியிருந்தால், மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.