மார்பகப் புற்றுநோய் அறுவை: வெட்டின் அளவு சுருங்கிய வரலாறு

ஓர் அறுவை வெற்றி பெற்றதா என்பதை எதை எண்ணி முடிவு செய்கிறோம்? மார்பகப் புற்றுநோய் அறுவையின் நூறாண்டு வரலாறு இக்கேள்விக்கு மாறி மாறிச் சொல்லப்பட்ட விடைகளின் வரலாறே. கத்தியின் நுட்பத்தைவிட, விளைவை அளக்கும் முறை மாறியதே சிகிச்சையை மாற்றியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஹால்ஸ்டெட்டின் கணக்கு

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட், தாம் அறுவை செய்த 50 பெண்களைப் பற்றிய அறிக்கையை 1894இல் வெளியிட்டார். மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் ஆகிய மூன்றையும் ஒரே தொகுதியாக அகற்றுவது அவர் முறை. புற்றுநோய் நிணநீர் வழியே படிப்படியாகப் பரவுகிறது, ஆகவே விரிவாக வெட்டினால் வேரோடு களையலாம் என்பது அதன் அடிப்படை. அறுத்த இடத்தில் நோய் மீண்டும் தோன்றியது மூவருக்கு மட்டுமே. அன்றைய ஐரோப்பிய அறுவையாளர்களின் கணக்கில் அது பாதிக்கும் மேலாக இருந்தது. எனவே உலகமே அம்முறையை ஏற்றது.

ஆனால் அந்தக் கணக்கு காயத்தின் எல்லைக்குள் நின்றுவிட்டது. நோய் கணுக்களை எட்டியிருந்தவர்கள், எவ்வளவு ஆழமாக வெட்டியும், பெரும்பாலும் பிழைக்கவில்லை என்பதை ஹால்ஸ்டெட்டின் 1907ஆம் ஆண்டு அறிக்கையே காட்டியது. பிழைத்தவர்களுக்கோ குழிந்த மார்பு, உயர்த்த முடியாத தோள், நிணநீர் தேங்கி வீங்கிய கை. இவை உயிருக்குக் கொடுக்கும் விலையாகக் கருதப்பட்டன. எவரும் அவற்றை முறையாக எண்ணவில்லை.

எதிர்க்குரல்கள்

லண்டனில் ஜெஃப்ரி கெயின்ஸ் 1920களிலேயே ரேடிய ஊசிகளைப் பயன்படுத்தி, அறுவையைக் குறைத்துப் பார்த்தார். 1948இல் பேட்டியும் டைசனும் பெரிய மார்புத் தசையை விட்டுவைக்கும் முறையை வெளியிட்டனர். அதே ஆண்டில் எடின்பரோவின் மக்விர்டர், மார்பகத்தை மட்டும் நீக்கிக் கதிரியக்கச் சிகிச்சை அளித்த முடிவுகளை முன்வைத்தார். இவர்களின் முடிவுகள் ஹால்ஸ்டெட் முறைக்குக் குறைந்தவையாகத் தெரியவில்லை. ஆயினும் ஒப்பிடப்பட்ட நோயாளிகள் சமநிலையில் இருந்தவர்கள் அல்லர்; லேசான நோயுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அதனால் வாதம் முடியவில்லை.

சமவாய்ப்புச் சோதனைகள்

பிட்ஸ்பர்கின் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1971இல் தொடங்கிய ‘பி-04’ சோதனை, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் சமவாய்ப்பு முறையில் பகிர்ந்தது. அக்குளில் கணு தட்டுப்படாத பெண்கள் மூன்று குழுக்களாக்கப்பட்டனர். ஹால்ஸ்டெட் முறையில் அறுவை செய்யப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்குக் கணுக்களில் நோய் மறைந்திருந்தது. அப்படியானால் கணுக்களை அகற்றாமல் மார்பகத்தை மட்டும் நீக்கிய குழுவிலும் ஏறத்தாழ அத்தனை பேருக்கு நோய் விட்டுவைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பின்னர் அது வெளிப்பட்டது சுமார் 18 சதவீதத்தினருக்கே. 25 ஆண்டுகள் கடந்தும் குழுக்களின் வாழ்நாளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விரிவான வெட்டுக்கு ஆதாரமாயிருந்த கொள்கை இங்கே வலுவிழந்தது.

அடுத்த கேள்வி மார்பகத்தையே காக்கலாமா என்பது. மிலானில் உம்பெர்டோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை, 2 சென்டிமீட்டருக்கு மிகாத கட்டியுள்ள 701 பெண்களிடம் இதைச் சோதித்தார். ஃபிஷரின் ‘பி-06’ சோதனை 1976இல் தொடங்கி, 4 சென்டிமீட்டர் வரையான கட்டிகளை ஆராய்ந்தது. இரண்டின் 20 ஆண்டு முடிவுகளும் 2002இல் வெளிவந்தன: மார்பகத்தைக் காத்து அறுவை செய்யப்பட்டவர்களும் மார்பகம் முழுவதையும் இழந்தவர்களும் ஒரே அளவு காலம் வாழ்ந்தனர். கதிரியக்கச் சிகிச்சையின் தேவையும் தெளிவானது. ‘பி-06’இல் அச்சிகிச்சை பெற்றவர்களில் 14.3 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 39.2 சதவீதத்தினருக்கும் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது.

இடையே 1994இல், மான்ட்ரியல் மருத்துவர் ஒருவர் ‘பி-06’ சோதனைக்கான சில தரவுகளைத் திரித்திருந்தது அம்பலமானது. அவர் சேர்த்த நோயாளிகளை நீக்கிக் கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை.

பக்கவிளைவும் ஒரு விளைவே

1990களில், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் ‘காவல் கணு’வை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை உருவானது. அதை ஆராய்ந்த பிரிட்டனின் ‘அல்மனாக்’ சோதனை, கை வீக்கத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் முதன்மை அளவுகோல்களாகவே எடுத்துக்கொண்டது. ஓராண்டு முடிவில், கணுக்கள் முழுதும் அகற்றப்பட்டவர்களில் 13 சதவீதத்தினர் கை வீக்கத்தைக் கூறினர். புதிய முறையில் 5 சதவீதத்தினர். ஹால்ஸ்டெட் காலத்தில் எண்ணப்படாத துன்பம் சோதனையின் மையத்துக்கு வந்தது.

முடிவுரை

ஹால்ஸ்டெட் பொய்க்கணக்கு எழுதவில்லை. 1894இல் அவர் வெற்றியாக எண்ணியது ஒன்றை மட்டுமே. தம் கையால் செய்த அறுவைகளின் வெற்றியைத் தாமே மதிப்பிடும் எந்த மருத்துவமும் அந்தக் குறைக்கு ஆளாகும். எந்தப் புதிய அறுவை முறையையும் மூன்று கேள்விகளால் அளக்க வேண்டும்: எதனோடு ஒப்பிட்டார்கள், எத்தனை ஆண்டு பின்தொடர்ந்தார்கள், பிழைத்தவர் எப்படி வாழ்கிறார்? மூன்றுக்கும் விடையில்லாத முறையைச் சிறந்த சிகிச்சை என்று ஏற்கலாகாது.