சுழியோடிகள் கண்ட கோணேசம்

உப்புவெளியில் கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கும் ஒரு சுழியோடி விடுதியில் அண்மையில் மூன்று நாட்கள் தங்க நேர்ந்தது. எழுபதைத் தாண்டிவிட்ட எனக்கு முதுகில் உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் வயதுமில்லை, துணிவுமில்லை. கனடாவிலிருந்து வந்திருந்த மருமகனுக்கு அந்த ஆசை இருந்தது. அவருக்குத் துணையாகப் போனவன் நான்.

விடுதி என்றால் பெரிய ஆடம்பரம் ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு அறைகள், தென்னைகளுக்கு நடுவே ஓர் ஓலைக் கொட்டகை, கொடியில் காயும் இறப்பர் உடைகள், சுவர் ஓரமாக அணிவகுத்து நிற்கும் அலுமினிய உருளைகள். அதிகாலையிலேயே காற்றடிக்கும் இயந்திரம் இரையத் தொடங்கிவிடும். அந்த உருளைகளில் இருப்பது ஒட்சிசன் என்று எழுதாத பத்திரிகையாளர் நம்மிடையே குறைவு, நானும் எழுதியிருக்கிறேன். அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் இதே காற்றுத்தான். அமுக்கி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவே. தனி ஒட்சிசனைச் சுவாசித்துக்கொண்டு ஆறேழு மீற்றருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகிவிடும் என்று அங்கு பயிற்சி கொடுக்கும் இளைஞர் விளக்கினார். அவர் திருகோணமலைத் தமிழர். பழைய பிழைக்கு இப்போது திருத்தம் போட்டுக்கொள்கிறேன்.

மருமகன் கடலுக்குப் போன வேளையில் கொட்டகையில் இருந்து விடுதியின் கையேட்டைப் புரட்டினேன். நல்ல வழவழப்பான தாளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் கிடக்கும் கோயிலை 1956 இல் ஆதர் சி. கிளார்க் கண்டுபிடித்தார் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

1956 என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது தனிச் சிங்களச் சட்டம். கிளார்க்கின் வாசகர்களுக்கோ அது அவர் இலங்கையில் குடியேறிய ஆண்டு. அதற்கு முன்னர், 1954 டிசம்பரில், அவுஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளப்பாறைக்குக் கப்பலில் போகும் வழியில் அவர் கொழும்பில் இறங்கினார். தெகிவளை மிருகக்காட்சிச் சாலையில் பணியாற்றிய ரொட்னி ஜொங்க்ளாசின் அறிமுகம் அப்போது அவருக்குக் கிடைத்தது. ஜொங்க்ளாஸ் இலங்கையின் முதல் தலைமுறை நவீன சுழியோடிகளுள் முக்கியமானவர், பறங்கிச் சமூகத்தவர். அவர் காட்டிய கடல்தான் கிளார்க்கை இந்தத் தீவிற்குத் திரும்பி வரச் செய்தது எனலாம். கூட வந்தவர் மைக் வில்சன் என்ற இளம் ஆங்கிலேயர். சுழியோடி, புகைப்படக் கலைஞர்.

நீருக்கடியில் சுயமாகச் சுவாசிக்கும் கருவி அப்போது புதியது. பிரெஞ்சுக்காரர்களான குஸ்தோவும் காஞ்ஞானும் அதை உருவாக்கியது 1943 இல். குஸ்தோவின் கடலடித் திரைப்படம் கான் விழாவில் உயர் விருது பெற்றதும் இதே 1956 இல்தான். உலகமே கடலுக்கடியில் எட்டிப் பார்க்கத் தொடங்கிய காலம் அது. அந்தக் காலத்தில்தான் கிளார்க்கும் வில்சனும் திருகோணமலையில் இறங்கினார்கள். ஏறத்தாழ 350 அடி உயரமான செங்குத்துப் பாறையின் அடியில், செதுக்கப்பட்ட தூண்களையும் யானைத் தலைகளையும் பூ வேலைப்பாடுகளையும் கண்டார்கள். கிளார்க் மறுவருடம் வெளியிட்ட நூலில் இந்தச் செய்தி உலகத்துக்குப் போயிற்று.

இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. படம் பிடித்தவர்கள் அவர்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அவர்கள். ஆனால், காணாமற் போன பொருளைத்தான் கண்டுபிடிக்க முடியும். கோணேசர் ஆலயம் என்றைக்குக் காணாமற் போனது?

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா ஆலயத்தை இடித்தது 1622 இல் என்பாரும் உளர், 1624 இல் என்பாரும் உளர். சித்திரைப் புத்தாண்டு நாளில் சுவாமி ஊர்வலம் போயிருந்த வேளை, பிராமண வேடத்தில் படையினர் உள்ளே புகுந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இடித்த கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். இன்றும் பிரட்றிக் கோட்டையின் வாயிலில், இரட்டைக் கயல் சின்னத்தோடு தமிழ்க் கல்வெட்டுப் பொறித்த கல்லைக் காணலாம். கோட்டைக்குப் பயன்படாதவை பாறையிலிருந்து கடலுக்குப் போயின. அந்த ஆலயத்தைக் கீழைத்தேசத்தவரின் ரோமாபுரி என்ற பொருளில் எழுதி வைத்தவரும் போர்த்துக்கேயரே. குவேறோஸ் பாதிரியார் அவர். இடித்தவர்களின் பக்கத்திலிருந்து வந்த சாட்சி என்பதால் அதற்குப் பெறுமதி அதிகம்.

இதற்குப் பின்னர் நடந்ததுதான் கையேடு எழுதியவருக்குத் தெரியாதது. ஆலயம் இல்லாமற் போன பின்னரும் சுவாமி மலையில் வழிபாடு நிற்கவில்லை. கட்டடம் இல்லை, மூர்த்தி இல்லை. பாறையின் விளிம்பில் நின்று, கீழே கடலை நோக்கிப் பூவும் பழமும் தேங்காயும் சொரிந்து பூசை செய்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த பிரித்தானியர் இந்தக் காட்சியை வியப்போடு எழுதி வைத்திருக்கிறார்கள். பாறையடியில் என்ன கிடக்கிறது என்பது தெரியாமலா மக்கள் கடலுக்குப் பூப் போட்டார்கள்?

1950 இல் கிணறு வெட்டும்போது சோழர் கால வெண்கலத் திருவுருவங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. இடிப்புக்கு அஞ்சி அக்காலத்தில் புதைத்து வைத்தவை என்பது பொதுவான கருத்து. மக்கள் அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். கிளார்க் முதன்முதலாகக் கொழும்பில் இறங்குவதற்கு நான்கு வருடங்கள் முந்திய கதை இது. 1963 இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது.

சுழியோடுவதும் நமக்குப் புதிதல்ல. மன்னார் முத்துக்குளிப்பில் காலைக் கல்லில் ஊன்றி, மூச்சை அடக்கி ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்கியவர்களுக்கு உருளையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். மேலே கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மைத்துனர். தங்கை தாலியறுக்கக் கூடாதென்ற அக்கறை அவருக்குத்தானே இருக்கும். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுவதற்கென்றே கடற்கட்டி என்று ஒருவர் இருந்தார். அவருக்கும் சிப்பியில் பங்கு உண்டு. 1906 ஆம் ஆண்டுக் குளிப்பில் மரிச்சுக்கட்டியில் கடமையாற்றிய இளம் அதிகாரிகளுள் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ப். அதே 1906 இல் பிரித்தானிய அரசு முத்துப்பாரை ஒரு கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. சில வருடங்களிலேயே சிப்பி அற்றுப்போய்க் கம்பனியும் மூடப்பட்டது. அந்தச் சுழியோடிகளின் பெயர்கள் எந்தக் கையேட்டிலும் இல்லை.

மைக் வில்சனின் கதை தனிக் கதை. 1961 இல் தென்கிழக்குக் கடலில், கிரிந்தைக்கு அப்பால் உள்ள பெரிய பாசஸ் பாறையில் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களுடன் சுழியோடியபோது வெள்ளி நாணயக் குவியலைக் கண்டார். ஔரங்கசீப்பின் காலத்தில் சூரத்தில் அச்சடித்த ரூபாக்கள். ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1702 ஐ ஒட்டியவை. பை பையாக இறுகிக் கல்லாகிக் கிடந்தன. ஒரு கட்டி வாஷிங்டனின் சிமித்சோனியன் நிறுவனத்துக்குப் போயிற்று. அடுத்த வருடம் வில்சன் 'ரன்முத்து தூவ' என்ற படத்தை இயக்கினார். சிங்களத்தின் முதலாவது வர்ணத் திரைப்படம் அது; காமினி பொன்சேகாவும் ஜோ அபேவிக்ரமவும் நடித்தார்கள். அதன் கடலடிக் காட்சிகளில் தெரிவது நமது திருகோணமலைக் கடல்தான்.

அதன் பின்னர் அவர் கெமராவையும் உருளையையும் விட்டார். குடும்பத்தையும் விட்டார். சுவாமி சிவகல்கி என்ற பெயரில் காவி தரித்து, கதிர்காமக் கந்தனின் அடியவராக வாழ்ந்து 1995 இல் மறைந்தார். கோணேசர் ஆலயத்தில் உள்ள ஒரு சிவலிங்கத்தைக் காட்டி, அது வில்சன் கடலிலிருந்து எடுத்துக் கொடுத்தது என்று சொல்வார்கள். கடலில் கண்டது அவரை மாற்றியதா, வேறேதுமா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால், அந்தக் கல்லை இருவர் பார்த்தார்கள். ஒருவர் நூல் எழுதினார், மற்றவர் சாமியாரானார் என்பதை என்னால் இலகுவில் கடந்து போக முடிவதில்லை.

கிளார்க் கொழும்பிலேயே இருந்தார். போலியோவின் பாதிப்பால் பிற்காலத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபோதும் கடலை விடவில்லை. நீருக்குள் எடையில்லை, கால்கள் தடையில்லை. அவர் தொடர்புபட்ட சுழியோடி நிலையம் ஹிக்கடுவையில் இயங்கியது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி அதை அழித்துச் சென்றது. பின்னர் மீளக் கட்டினார்கள். 2008 மார்ச்சில் அவர் மறைந்து பொரளைக் கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

சுழியோடித் தொழில் தெற்கில் வளர்ந்ததும் கிழக்கில் தேங்கியதும் கடலின் குற்றத்தால் அல்ல. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கிழக்குக் கடல் கண்ணாடி போல் இருக்கும். அப்போது தெற்கில் கச்சான் காற்று. இயற்கை இரு கரைக்கும் ஆறாறு மாதமாகப் பங்கு வைத்துத்தான் கொடுத்தது. 1983 ஜூலைக்குப் பின் நம் கரையின் பங்கு பறிபோயிற்று. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வெளிநாட்டவர் நிறைந்திருந்த விடுதிகள் வெறிச்சோடின. அதைவிடப் பெரிய இழப்பு மீனவருடையது. எந்த நேரம் போகலாம், எத்தனை குதிரை வலு இயந்திரம் பூட்டலாம் என்பதைக் கடற்படை தீர்மானித்த காலம் அது. அந்தக் கட்டுப்பாடுகளைப் பற்றி நான் எழுதிய செய்திகள் பல, தணிக்கையில் பாதியாக வெளிவந்தவை.

இன்று மட்டக்களப்புக் கடலிலே ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து வருகிறார்கள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன; 307 பேர் மாண்டனர். ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடப்பதால் சாதாரணப் பயிற்சி உள்ளவர்கள் போக முடியாது. மருமகன் போகவில்லை, எனக்கு நிம்மதி.

அவர் போனது நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்கு. மாடப்புறாக்கள் கூடு கட்டும் இந்தச் சிறு தீவுகளைப் பிரித்தானியக் கடற்படை ஒருகாலத்தில் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்திருந்தது. 2003 இல் இது தேசிய பூங்காவாக்கப்பட்டது. கடலும் சேர்த்து 471 ஹெக்டயர். 1998 இல் கடல் சூடாகி ஹிக்கடுவையின் முருகைக்கற்கள் வெளுத்து மடிந்தபோது திருகோணமலைப் பக்கம் பெருமளவு தப்பியது. ஆகவே, காக்க வேண்டிய இடந்தான். வெடி வைத்து மீன் பிடித்தவர்கள் செய்த நாசத்தையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், போர் முடிந்த 2009 க்குப் பின்னர் விடுமுறை நாட்களில் அங்கே குவியும் கூட்டம் முருகைக்கல்லின் மீதே ஏறி நின்று படம் எடுக்கிறது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "நாங்கள் தூண்டில் போட்டால் வழக்கு. அவையள் மிதிச்சால் ரிக்கற். இது என்ன ஞாயம் ஐயா?" பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் மருமகனைச் சுவாமி மலையடிக்கு அழைத்துச் சென்றார்கள். திரும்பி வந்து கெமராவில் காட்டினார். பாசி படிந்த நீண்ட கல். ஓரத்தில் உளி பட்ட சதுரக் குழி. அதற்குள் ஒரு சிறு மீன். நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இதை முதலில் எப்ப பாத்தனீர்?" என்று பயிற்றுநரைக் கேட்டேன்.

"உருளை கட்டிப் பாத்தது பத்து வருசத்துக்கு முதல், ஐயா. ஆனால் சின்னனிலேயே தெரியும். அப்பா சங்குக்குப் போனவர். அந்தப் பக்கம் இறங்கினால் தூணில கால் வைக்கக் கூடாது, கையால தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் வரவேணும் எண்டு சொல்லுவார். அப்பாவுக்கு அவற்றை அப்பா சொன்னதாம்."

புறப்படும்போது விடுதி முகாமையாளரிடம் அந்தக் கையேட்டு வரியைக் காட்டி, 'கண்டுபிடித்தார்' என்பதை 'படம் பிடித்தார்' என்று மாற்றலாமே என்றேன். பொறுமையாகக் கேட்டார். கொழும்பில் இருக்கும் முதலாளியிடம் சொல்வதாகவும், அடுத்த முறை அச்சடிக்கும்போது பார்க்கலாம் என்றும் சொன்னார். இன்னும் ஆயிரம் பிரதிகள் கையிருப்பில் இருக்கின்றனவாம்.